குறுந்தொகை 25: கபிலரின் குருகு குறியீடா, சாட்சியா?

தாமிரக்கரை கேட்டது:

வணக்கம். நாங்கள் சிலர் கூடி நடத்தும் வாசிப்பு வட்டத்தில் குறுந்தொகையை வரிசையாகப் படித்து வருகிறோம். 25ஆம் பாடலை எட்டியதும் கருத்து வேறுபாடு முற்றி, அடுத்த பாடலுக்கு நகர முடியாமல் நிற்கிறோம். கபிலர் பாடிய அந்த ஐந்து அடிகள் இங்குள்ள பலருக்கு மனப்பாடமாகவே இருக்கும். ஆயினும் பேசுவதற்கு வசதியாகத் தருகிறேன்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

தலைவன் தன்னைக் கூடிய நாளில் அங்கே வேறு எவரும் இல்லை, கள்வனாகிய அவன் ஒருவனே இருந்தான், அவன் அதைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன், தினையின் தாளைப் போன்ற சிறிய பசிய கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு என்னும் நீர்ப்பறவையும் அங்கே இருந்தது என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். மணம் செய்துகொள்ளாமல் அவன் காலம் தாழ்த்தும்போது சொன்னது என்பது பாடலின் அடியில் உள்ள கூற்றுக் குறிப்பு. இதுவரை எங்களுக்குள் வழக்கில்லை, குருகில்தான் வழக்கு.

எங்களில் ஒரு சாரார், குருகு என்பது தலைவனே என்கிறார்கள்: அசையாமல் நல்லவன்போல் நின்று இரையைக் கவரும் பறவை, பெண்ணை ஏமாற்றும் ஆணுக்கு உருவகம். இன்னொரு சாரார், அது மனிதத் துயரத்தைக் கண்டுகொள்ளாத இயற்கையைக் குறிக்கிறது என்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “கொக்கு கொக்காகவே நிற்கட்டும், ஏன் அதன் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றுகிறீர்கள்?” என்று கேட்டுச் சிரித்துவிட்டார். மூன்று தரப்பும் பாட்டிலிருந்தேதான் சான்று காட்டுகின்றன.

என் கேள்வி இந்த ஒரு பறவையோடு நிற்பதன்று. ஒரு செய்யுளில் வரும் பறவையோ மரமோ எந்த இடத்தில் குறியீடாகிறது, எந்த இடத்திலிருந்து நாம் நம் விருப்பத்தை அதன்மேல் ஏற்றத் தொடங்குகிறோம் என்பதைப் பிரித்தறிய நம் மரபிலேயே அளவுகோல் உண்டா? “யாரும் எப்படியும் வாசிக்கலாம்” என்ற விடை பெருந்தன்மையானதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு எங்கள் கூட்டத்தை நடத்த முடியவில்லை.

கழனிமேடு எழுதியது:

நான் முதல் சாராரின் பக்கம். மரபில் அளவுகோல் இருக்கிறது. அதற்கு உள்ளுறை உவமம் என்று பெயர். “உள்ளுறுத்து இதனொடு ஒத்துப்பொருள் முடிகென உள்ளுறுத்து உரைப்பதே உள்ளுறை உவமம்” என்கிறது தொல்காப்பியம். சொல்ல வந்ததை வெளிப்படையாகச் சொல்லாமல், நிலத்துக்கு உரிய விலங்கு, பறவை, மரம் போன்ற கருப்பொருள் ஒன்றைக் காட்டி, இதனோடு ஒத்து அந்தப் பொருள் முடியட்டும் என்று விட்டுவிடுவது. தெய்வம் நீங்கலான கருப்பொருள் எல்லாம் இதற்குக் களமாகும் என்றும் சொல்லியிருக்கிறது.

குறுந்தொகை 8ஆம் பாடலைப் பாருங்கள். “கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்” என்று ஆலங்குடி வங்கனார் தொடங்குகிறார். வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானாகக் கீழே விழும் பழத்தைக் குளத்து வாளை மீன் கவ்விக்கொள்கிறது. இதைச் சொல்பவள் பரத்தை. ‘நான் அவனை வலிந்து இழுக்கவில்லை, அவனே வந்து விழுந்தான்’ என்பது உள்ளே கிடக்கும் பொருள். அந்த மீன் வெறும் மீன் என்று எவரும் சொல்வதில்லை. அங்கே மீனுக்குக் கிடைக்கும் உரிமை இங்கே குருகுக்கு ஏன் கிடைக்கக்கூடாது? மெலிந்த கால், அசையாத நிலை, இரைமேல் பதிந்த கண் ஆகிய மூன்றையும் கபிலர் வீணாகச் சொல்லியிருக்க மாட்டார். குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளுக்குள் 99 மலர்களை அடுக்கியவர் என்று நாம் போற்றும் புலவர், ஐந்தடிப் பாட்டில் இரண்டடியை இடத்தை நிரப்புவதற்காகவா செலவழித்திருப்பார்?

நாணம் மிக்க தலைவி, ‘அவன் என்னை இரையாக்கிக்கொண்டான்’ என்று தோழியிடம் நேராகச் சொல்ல முடியாது. ஆகவே பறவையின்மேல் வைத்துச் சொல்கிறாள்.

பழையசுவடி எழுதியது:

கழனிமேடு அவர்கள் 8ஆம் பாடலுக்குச் சொன்ன பொருள் முற்றிலும் சரி. அதே திறவுகோல் 25ஆம் பாடலுக்கும் பொருந்தும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. காரணம் பாடல்களின் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

வாளையும் மாம்பழமும் அந்தப் பரத்தையின் கண்முன் நிகழ்பவை அல்ல. அவை ‘ஊரன்’ என்ற பெயருக்கு அடைமொழியாக வருபவை. இத்தகைய ஊரை உடையவன் என்பது தொடரின் போக்கு. உள்ளுறை பெரும்பாலும் குடியிருக்கும் இடம் இந்த அடைமொழிதான். கபிலரையே எடுத்துக்கொள்வோம். 38ஆம் பாடலில், காட்டுமயில் பாறையில் இட்ட முட்டையை வெயிலில் விளையாடும் முசுக்குரங்கின் குட்டி உருட்டித் திரியும் குன்றத்தை உடைய நாடன் என்று தலைவி சொல்கிறாள். உடைந்தால் ஒட்டாத ஒன்று, அதன் அருமை தெரியாத ஒன்றின் கையில் விளையாட்டுப் பொருளாகிவிட்டது. விளக்கமே வேண்டியதில்லை. 18ஆம் பாடலில் தோழி, “வேரல் வேலி வேர்க்கோட் பலவின் சாரல் நாட” என்று தலைவனை விளிக்கிறாள். அவன் மலையில் பலாப்பழம் வேரிலேயே காய்த்துத் தரையில் கிடக்கிறது. சுற்றிலும் மூங்கில் வேலி இருக்கிறது. இவளுடைய நிலையோ சிறிய கொம்பில் பெரிய பழம் தொங்குவதைப் போன்றது என்று அடுத்து வெளிப்படையான உவமையாகவே சொல்லிவிடுகிறாள். முன்னது உள்ளுறையாகவும் பின்னது உவமையாகவும் எதிரெதிரே நிற்பதால்தான், ‘உன் பழத்துக்கு வேலி இருக்கிறது, இவளுக்கு யார் இருக்கிறார்கள்?’ என்ற கேள்வி யாரும் கேட்காமலே நம் காதில் விழுகிறது.

இவ்விரண்டையும் படித்துவிட்டு 25க்கு வந்தால் முதலில் கண்ணில் படுவது ஓர் இன்மை. இதில் நாடன் இல்லை, சாரல் இல்லை, தலைவனுக்கு உரிய குன்றமோ அருவியோ இல்லை. ‘கள்வன்’ என்ற ஒரே பெயர்தான். ஊரும் நிலமும் சொல்லப்படாத ஒருவனை எங்கே போய்த் தேடுவது? தலைவியின் அச்சத்தில் பாதி அந்த இன்மையிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. குருகு அவனுடைய நாட்டுக்கு அடைமொழியாக வரவில்லை. அது நிகழ்ச்சி நடந்த இடத்தில், அதே வேளையில் தன் காலில் நின்ற பறவை. அவள் இருந்தவர்களை எண்ணிப் பார்க்கிறாள்: அவன் இருந்தான், குருகும் இருந்தது. இருவராக எண்ணப்பட்டதை ஒருவராக்கிவிட்டால் அவள் போட்ட கணக்கு கெட்டுவிடும்.

இன்னொரு தடையும் உண்டு. குருகு ஆரலைப் பார்க்கிறது; பிடிக்கவில்லை, உண்ணவில்லை. தலைவனோ மணந்துவிட்டான். குருகு தலைவன், ஆரல் தலைவி என்று ஒப்பிட்டால் வேட்டை தொடங்காத பறவையை, எல்லாம் நடந்து முடிந்த மனிதனுக்கு ஒப்பாக்குகிறோம். கவ்விய வாளையும் உருட்டும் குரங்குக்குட்டியும் அந்தந்தப் பாட்டின் நிலையோடு அச்சாகப் பொருந்துகின்றன. இங்கே அந்தப் பொருத்தம் இல்லை. கபிலருக்கு அது வேண்டியிருந்தால் ‘ஆரல் கவரும்’ என்றோ ‘அருந்தும்’ என்றோ எழுதியிருப்பார். அவருக்குச் சொல் பஞ்சம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

தாமிரக்கரை கேட்ட அளவுகோலுக்கு வருகிறேன். நான் மிக முக்கியமாகக் கருதும் நூற்பா தொல்காப்பியத்தின் உவமவியலில் இருக்கிறது: “கிழவி சொல்லின் அவளறி கிளவி.” தலைவி உவமை சொன்னால் அது அவள் அறிந்த பொருளாக இருக்க வேண்டும். அடுத்து, “தோழிக்காயின் நிலம்பெயர்ந்து உரையாது”. தோழி தன் நிலத்தைவிட்டு வெளியே போய் உவமை தேடமாட்டாள். இவை புலவனுக்கு இட்ட விதிகள்தாம். ஆனாலும் வாசகனுக்கு இவற்றைவிடப் பயனுள்ள கடிவாளம் இல்லை. ஒரு குறியீட்டுக்குப் பொருள் சொல்லுமுன், இந்தப் பொருளை இந்த வாய், இந்த வேளையில், இந்தச் செவிக்குச் சொல்லுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ‘இயற்கையின் கண்டுகொள்ளாமை’ என்ற பொருள் இந்தக் கேள்வியில்தான் தடுமாறுகிறது. தினைப்புனம் காக்கும் பெண் இயற்கை என்று ஒன்றைத் தன்னிலிருந்து பிரித்து வைத்து அதன்மேல் குறைப்படுவாளா? அது நகரத்து வாசகரின் மனக்குறை என்று எனக்குத் தோன்றுகிறது.

மடையோரம் எழுதியது:

நான் இலக்கியம் படித்தவன் அல்லன், பறவை பார்ப்பவன். ஆகவே கொக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இங்கே ‘சிறு பசுங்கால்’ என்று கூறியிருப்பது கூர்மையான கவனிப்பு. நம் வயல்களில் வெள்ளையாகத் தெரியும் சின்னக் கொக்குக்கும் பெரிய கொக்குக்கும் கால் கருப்பு. குட்டையான, மஞ்சள் கலந்த மங்கிய பச்சைக் கால் உள்ளது மடையான். சிறகை மடக்கி அமர்ந்திருக்கையில் சேற்று நிறத்தில் கரைந்து கிடக்கும். பறந்தெழும்போதுதான் வெள்ளைச் சிறகு தெரியும். குருகு என்ற சொல் எந்த இனத்தைக் குறித்தது என்று நான் வாதிட வரவில்லை, உரைகள் நாரை என்றும் கொக்கு என்றும் சொல்கின்றன. கால் நிறத்தையும் அளவையும் வைத்துப் பார்த்தால் இந்தப் பறவைதான் எனக்கு அருகில் நிற்கிறது. ஆள் மிக அருகே போகும்வரை அசையாமல் இருப்பதால் இதற்குக் கண் தெரியாது என்று நினைத்துச் சில ஊர்களில் குருட்டுக் கொக்கு என்றே அழைக்கிறார்கள். சாட்சியாக வாய்த்தது அப்படிப்பட்ட பறவையாக இருந்தால், அவள் நிலைமை இன்னும் மோசம்.

ஆரலையும் கவனிக்க வேண்டும். பாம்பு போல நீண்ட உடலும் கூர்மூக்கும் முதுகில் முள்வரிசையும் கொண்ட மீன் அது. சேற்றிலும் மணலிலும் உடலைப் புதைத்துக்கொண்டு மூக்கை மட்டும் நீட்டிக் கிடக்கும். தேங்கிய நீரில் கிடக்கும் கெண்டையைப் பார்ப்பதைப் போல் இதைப் பார்த்துவிட முடியாது. அதுவும் ஓடுகிற நீரில், வெளிச்சம் உடைந்து அலையும்போது, பறவை கண்ணை ஒரு நொடி எடுத்தாலும் இரை போய்விடும். ஆகவே அந்தக் குருகு தலை நிமிர்ந்து கரையில் இருந்த இருவரைப் பார்த்திருக்க வழியே இல்லை. பழையசுவடி ஐயா ‘பார்க்கிறது, உண்ணவில்லை’ என்றார். பார்வை முழுவதும் நீருக்குள் கட்டுண்டு கிடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அவையம் எழுதியது:

‘சாட்சி’ என்ற சொல்லை இதுவரை எல்லோரும் ஓர் அடையாளமாகவே கையாண்டிருக்கிறோம். அக்காலச் சமூகத்தில் ஊரறியாமல் கூடும் களவு மணத்துக்குச் சாட்சி என்பது நடைமுறைச் செய்தி என்பதற்கு அகநானூற்றில் வலுவான சான்று இருக்கிறது. 256ஆம் பாடல், மதுரைத் தமிழ்க்கூத்தன் கடுவன் மள்ளனார் பாடியது. பரத்தையிடமிருந்து திரும்பிய தலைவனுக்குத் தோழி வாயில் மறுத்து, அதாவது வீட்டுக்குள் விடாமல், பேசுகிறாள். உன்னைப் பற்றி எழுந்த அலர், அதாவது ஊர்ப்பேச்சு, எவ்வளவு பெரிது தெரியுமா என்று சொல்வதற்கு அவள் கள்ளூரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுகிறாள்.

அழகிய நெற்றியை உடைய இளம்பெண் ஒருத்தியின் நலத்தைக் கவர்ந்த அறமில்லாதவன் ஒருவன், பின்னர் ‘அறியேன்’ என்று கூறிக் கொடிய பொய்ச்சூளும் உரைத்தான். அவை சும்மா இருக்கவில்லை. “அறிகரி கடாஅய்” என்கிறது பாட்டு. அதாவது, நடந்ததை அறிந்த சாட்சிகளை விசாரித்தார்கள். அவன் சொன்னது பொய் என்று தெரிந்ததும், தளிர்கள் நிறைந்த மரத்தின் பெரிய கிளையில் அவனை இறுகக் கட்டி, தலையில் நீற்றைக் கொட்டினார்கள். அப்போது அவையில் எழுந்த ஆரவாரத்தைவிட உன்னைப் பற்றிய அலர் பெரிது என்று தோழி முடிக்கிறாள்.

இந்தப் பாட்டை அருகில் வைத்துக்கொண்டு 25ஐப் படியுங்கள். கள்ளூர்ப் பெண்ணுக்கு நீதி கிடைத்தது. ஏனென்றால் அவளுக்கு அறிகரி இருந்தது. கபிலரின் தலைவிக்கு அது இல்லை. “யாரும் இல்லை” என்பதைத் தனிமையின் ஏக்கமாக மட்டும் கேட்பவர்கள், அதில் வழக்கின் தொனி இருப்பதைத் தவறவிடுகிறார்கள். அவன் மறுத்தால் அவையில் நிறுத்த எனக்கு ஆள் இல்லை. இருந்தது ஒரு பறவை, அதுவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது என்பதுதான் அவள் நிலை. கள்வன் என்ற சொல்லும் அந்தச் சூழலில் செல்லப்பெயராக மட்டும் நிற்பதில்லை.

தொல்காப்பியக் கற்பியலில், “பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப” என்று ஒரு நூற்பா வருகிறது. கூடியதை மறுக்கும் பொய்யும் கைவிடும் வழுவும் பெருகியதால்தான் பலர் அறியச் செய்யும் மணச்சடங்கைப் பெரியோர் ஏற்படுத்தினார்கள் என்பது அதன் பொருள். “தானது பொய்ப்பின்” என்று தலைவி சொல்வதும் அதே பொய்தான். அவள் வேண்டுவது வரைவு, அதாவது முறையான திருமணம். வரைவு என்றால் ஊரறிந்த சாட்சி. ஊரே கூடியிருக்க வேண்டிய இடத்தில் ஒரு குருகு நின்றது. குறியீடு என்று சொல்லத்தான் வேண்டுமென்றால், அந்த இடமாற்றத்தையே நான் குறியீடு என்பேன். பறவைக்குத் தனியே எந்தப் பட்டமும் கட்ட வேண்டியதில்லை.

தாமிரக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அகநானூறு 256 எங்கள் கூட்டத்தில் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. அடுத்த முறை அதையும் சேர்த்தே படிக்கப்போகிறோம்.

எனக்கு இன்னும் ஒரு முடிச்சு அவிழவில்லை. சாட்சி இல்லை என்று சொல்வதற்கு ‘ஒரு குருகு இருந்தது’ என்ற அளவே போதுமே. அதன் கால் எப்படி இருந்தது என்று ஓர் அடி முழுவதும் எதற்கு? எங்களில் ஒருவர், தினைத்தாள் என்பது அறுவடை முடிந்த புனத்தைக் குறிக்கிறது என்கிறார். தினை அறுத்துவிட்டால் தலைவி புனம் காக்க வரமாட்டாள், அவளை வீட்டுக்குள்ளேயே நிறுத்திவைக்கும் இற்செறிப்பு நேரும், சந்திப்புகள் நின்றுபோகும். ஆகவே அந்த உவமைக்குள்ளேயே பிரிவு ஒளிந்திருக்கிறது என்பது அவருடைய விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது. அது நிற்குமா?

கழனிமேடு எழுதியது:

தினைத்தாளுக்கு வருமுன் பழையசுவடி அவர்களுக்கு ஒரு சொல். அடைமொழியாக வந்தால்தான் கருப்பொருள் உள்ளர்த்தம் பெறும் என்பதைப் பொதுவிதியாக நான் ஏற்கமாட்டேன். குறுந்தொகை 46இல் மாமலாடன் காட்டும் வீட்டுக்குருவிகளை நினையுங்கள். வாடிய ஆம்பல் பூவைப் போலக் குவிந்த சிறகோடு முற்றத்தில் உலரும் தானியத்தைத் தின்று, மன்றத்தில் எருவின் நுண்தூளைக் குடைந்து ஆடி, வீட்டு இறைப்பில் தம் குஞ்சுகளோடு தங்குகின்றன. இப்படிப்பட்ட மாலையும் தனிமையும் அவர் சென்ற நாட்டில் இல்லையோ என்று தலைவி கேட்கிறாள். அந்தக் குருவிகள் எந்த நாடனுக்கும் அடைமொழி அல்ல. அவள் வீட்டுக் கூரையில் அன்றாடம் அடைபவை. ஆனாலும் பொழுது சாய்ந்ததும் கூடு திரும்பிவிடுகிற அவை, திரும்பாத ஒருவனைச் சுட்டாமல் சுட்டுகின்றன. “இறைச்சியிற் பிறக்கும் பொருளுமார் உளவே திறத்தியல் மருங்கின் தெரியுமோர்க்கே” என்று தொல்காப்பியப் பொருளியல் இடம் கொடுத்திருக்கிறது. இறைச்சி என்பது கருப்பொருளின் வழியே சொல்லுக்கு அப்பால் தோன்றும் குறிப்பு. ஆகவே கண்முன் நிற்கும் பறவைக்கும் பொருள் உண்டு.

அவ்வாறே குருகும் தலைவனுக்கு நேர் உவமை ஆகாவிட்டாலும், அவனோடு ஒரே காட்சியில் நின்று அவனுடைய சாயலைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. தன் காரியத்திலேயே கண்ணாக இருக்கும் ஓர் உயிர் தண்ணீரில் நிற்கிறது. தன் காரியத்திலேயே கண்ணாக இருக்கும் இன்னோர் உயிர் கரையில் இருக்கிறது. இந்த அளவுக்கு நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கூற்றுக் குறிப்பைப் பற்றியும் ஒரு கவனம் வேண்டும். ‘வரைவு நீட்டித்தவிடத்து’ என்பது கபிலர் எழுதியதன்று. பாடல்களைத் தொகுத்த காலத்திலோ பின்னரோ சேர்ந்தது என்பதே அறிஞர் பலரின் கருத்து. அதுவும் ஒரு வாசிப்புதான். குறுந்தொகையின் 380 பாடல்களுக்குப் பேராசிரியரும் எஞ்சிய இருபதுக்கு நச்சினார்க்கினியரும் எழுதியதாகச் சொல்லப்படும் பழைய உரை கிடைக்காமல் போனதால், இந்தக் குருகைப் பற்றி அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கவே முடியும். அந்த வெற்றிடத்தில்தான் நாம் எல்லோரும் நின்று வழக்காடிக்கொண்டிருக்கிறோம்.

பழையசுவடி எழுதியது:

46ஆம் பாடல் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே கிடைப்பதும் மாறுபாட்டால் விளங்கும் பொருளே. குருவிதான் தலைவன் என்று அங்கும் எவரும் சொல்வதில்லை. குருகு ‘சாயலை வாங்கிக்கொள்கிறது’ என்ற அளவில் கழனிமேடு நிறுத்திக்கொண்டால் எனக்கும் அவருக்கும் இடையே பெரிய வேலி இல்லை.

தினைத்தாள் விளக்கம் நிற்காது. அறுவடை முடிந்த தாள் காய்ந்து வெளுத்திருக்கும். பாட்டில் இருப்பது பசுங்கால். பயிர் நிற்கும் காலத்துத் தாளைத்தான் அவள் நினைக்கிறாள். புனம் காவல் நடக்கிற, சந்திப்புகள் தொடர்கிற பருவம் அது. ஒரு விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த சொல்லே அதை மறுக்குமானால் அதைக் கைவிடத்தான் வேண்டும். மருத நிலத்துக்கும் நெய்தலுக்கும் நெருக்கமான குருகும் ஆரலும் மலைநிலமான குறிஞ்சித் திணைப் பாடலில் வரலாமா என்று சிலர் ஐயுறுவதுண்டு. “எந்நில மருங்கின் பூவும் புள்ளும்” பிற நிலத்துக்கு வரலாம், வந்தால் வந்த நிலத்தின் பயனையே தரும் என்று தொல்காப்பியம் அதற்கு வழிவிட்டிருக்கிறது. கவனித்தால், வெளியிலிருந்து வந்த பறவையைத் தினைத்தாளோடு ஒப்பிட்டுத் தன் மலைக்குரியதாக ஆக்கிக்கொள்பவளும் தலைவிதான். அவளறி கிளவி என்பது இதைத்தான்.

காலுக்கு ஏன் ஓர் அடி என்பதற்கு என் விடை, அவையம் அவர்கள் காட்டிய வழியிலேயே கிடைக்கிறது. வேறு சாட்சி இல்லாத இடத்தில் அவளேதான் சாட்சி. பொய் சொல்பவருக்கு நிகழ்ச்சியின் பருமையான செய்திகள் போதும். அங்கே உண்மையாக இருந்தவருக்குத்தான், வழக்குக்குத் தொடர்பே இல்லாத ஒரு பறவையின் கால் நிறம் நினைவில் தங்கும். குருகு இவர்களைப் பார்க்கவில்லை. ஆனால் அவள் குருகைப் பார்த்திருக்கிறாள். நாணத்தால் பார்வை தாழ்ந்திருந்ததோ, நீரின் பக்கம் திரும்பியிருந்ததோ, எதுவாயினும் பறவையின் தலையோ சிறகோ சொல்லப்படாமல் கால் மட்டும் சொல்லப்படுவதால், அவள் பார்வை தாழ எங்கோ நிலைத்திருந்தது என்று கொள்ள இடமிருக்கிறது. இதைக் குறியீடு என்று நான் சொல்லமாட்டேன். நினைவின் தடயம் என்பேன். குறியீட்டைத் தேடி ஓடும் வாசிப்பு கைவிட்டுப் போவது பெரும்பாலும் இதைத்தான்.

உங்கள் கூட்டத்தில் குருகுதான் தலைவன் என்று உறுதியாக நிற்பவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். “பொய்ப்பின்” என்றுதான் தலைவி சொல்கிறாள்; ‘பொய்த்தான்’ என்று சொல்லவில்லை. பாட்டு நடக்கும் வேளையில் அவன் இன்னும் எதையும் மறுக்கவில்லை. அவள் அஞ்சுகிறாள், அவ்வளவே. நாளையே அவன் வரைவொடு வரவும் கூடும். இரை தேடும் பறவையாக அவனை நாம் முத்திரை குத்தும்போது, அவளே வழங்காமல் நிறுத்தி வைத்திருக்கிற தீர்ப்பை அவளை முந்திக்கொண்டு நாம் வழங்கிவிடுகிறோம். அதற்கு அவள் நமக்கு உரிமை கொடுத்திருக்கிறாளா?